பழங்காசுகளின் மதிப்பு (புதுச்சேரி நாணயங்கள்)

பழங்காசுகளின் மதிப்பு என்பது ஒரு பழைய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்களும் வணிகர்களும் அருங்காட்சியகங்களும் அளிக்கும் விலை அல்லது முக்கியத்துவம் ஆகும். இது நாணயத்தின் முகமதிப்பிலிருந்தும், அதிலுள்ள உலோகத்தின் விலையிலிருந்தும் வேறுபட்டது. நாணயம் எந்த அளவுக்குச் சிதையாமல் உள்ளது என்னும் நிலையும், அதைப் போன்றவை எத்தனை எஞ்சியுள்ளன என்னும் அருமையும் இம்மதிப்பை முடிவு செய்யும் இரு முதன்மைக் காரணிகள் ஆகும். தமிழில் அருமை என்ற சொல்லுக்குக் கிடைத்தற்கரியது என்றும் விலைமிக்கது என்றும் இரு பொருள் உண்டு. நாணயவியலில் இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதும் இத்துறைக்குப் புதியவர்கள் முதலில் அறியவேண்டியது ஆகும்.

இக்கட்டுரை பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் வெளியிடப்பட்ட காசுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரு காரணிகளையும் விளக்குகிறது.

வீராம்பட்டினமும் அரிக்கமேடும்

வீராம்பட்டினம் புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்துள்ள கடற்கரை மீனவர் ஊர் ஆகும். செங்கழுநீரம்மன் கோயிலின் ஆடித் தேரோட்டத்தால் இவ்வூர் பரவலாக அறியப்படுகிறது. இதன் அருகில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் தொல்லியல் களம் உள்ளது. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தீ 18ஆம் நூற்றாண்டிலேயே இப்பகுதியின் பழஞ்சிதைவுகளைக் குறிப்பிட்டுள்ளார். 1937இல் புதுச்சேரியில் வாழ்ந்த அறிஞர் ழூவோ துப்ரேய், உரோமப் பேரரசர் அகஸ்டசின் தலை எனக் கருதப்பட்ட உருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்றை இங்கிருந்து பெற்றார். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கு அகழாய்வு நடத்தினர். கசால் 1949இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே வீராம்பட்டினம், அரிக்கமேடு ஆகிய இரு பெயர்களும் இணைந்து இடம்பெற்றுள்ளன.

அரிக்கமேட்டின் காலத்தை வீலர் கணித்தது நாணயங்களைக் கொண்டு அன்று. இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் வகை மட்கல ஓடுகள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்பதைக் கொண்டே அவர் அதைச் செய்தார். சந்தையில் ஒரு சிறு உடைந்த ஓட்டுக்கு விலை இல்லை. ஆனால் அது கிடந்த இடம் தெரிந்திருந்ததால் தென்னிந்தியத் தொல்லியலின் காலவரிசைக்கே அது அடிப்படை ஆயிற்று. பழங்காசுக்கும் இது பொருந்தும். கிடைத்த இடமும் ஆழமும் பதிவு செய்யப்படாமல் கைமாறிய காசு, சந்தை விலையில் பெரிதாக எதையும் இழக்காமல் இருக்கலாம். வரலாற்றுச் சான்று என்ற மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. விலைப்பட்டியல்களில் இந்த இழப்பு காட்டப்படுவதில்லை.

புதுச்சேரியின் காசுகள்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் தொடங்கப்பட்டது. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் குடியிருப்பை நிறுவினார். கம்பெனியின் காசுகள் உள்ளூர் மக்கள் ஏற்றுக்கொள்ளும் அளவிலும் பெயரிலும் அமைந்தன. ஐரோப்பியர் எழுதிய கேஷ் என்பது காசு. ஃபனோன் என்பது பணம். பகோடா என்பது வராகன். துதூ எனப் பிரெஞ்சுக்காரர் குறித்த செப்புக்காசு தமிழரின் துட்டு ஆகும்.

செப்புத் துட்டின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அரச மரபின் சின்னமான லில்லி மலரும், மறுபக்கத்தில் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயர் தமிழ் எழுத்துகளிலும் காணப்படும். ஐரோப்பியக் கம்பெனி ஒன்று தன் காசில் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே பொறித்தது என்பதால் இவை தமிழ்ச் சேகரிப்பாளர்களால் தனியாக விரும்பப்படுகின்றன. காரைக்காலின் பெயரைத் தமிழில் தாங்கிய செப்புக்காசுகளும் உண்டு. வெள்ளிப் பணங்களில் மகுடமும் லில்லி மலர்களும் இடம்பெற்றன.

1736இல் ஆளுநர் துமா காலத்தில், ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் வழியாக, முகலாயப் பேரரசர் பெயரில் வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமை பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. ஆர்க்காட்டு ரூபாய் எனப்படும் இவற்றில் பாரசீக எழுத்துகளே உள்ளன. பிரெஞ்சுச் சொல் எதுவும் இல்லை. புதுச்சேரி நாணயச்சாலையின் அடையாளம் ஒரு சிறு பிறைக்குறி மட்டுமே. ஆங்கிலேயர் சென்னையில் அடித்த பிற்கால ஆர்க்காட்டு ரூபாய்களில் தாமரைக் குறி உண்டு.

பிரான்சில் ஆட்சி மாறியதும் காசுகளிலும் மாற்றம் ஏற்பட்டது. 1836ஆம் ஆண்டிட்ட செப்புக்காசுகளிலும் 1837ஆம் ஆண்டிட்ட வெள்ளிப் பணங்களிலும் பிரெஞ்சுச் சின்னமான சேவல் இடம்பெற்றது. இதற்குப் பின் புதுச்சேரியின் சொந்த நாணய அடிப்பு விரைவில் நின்று, பிரித்தானிய இந்திய ரூபாயே புழங்கியது.

நிலை

நாணயத்தின் நிலை என்பது அது அச்சிடப்பட்டபோது இருந்த தோற்றத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் குறிக்கும். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் 1 முதல் 70 வரையிலான அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். 1793 முதல் 1814 வரையிலான அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்டுகளுக்கென அவர் இதை உருவாக்கினார். இன்ன காசு என்று அடையாளம் காணும் அளவுக்கு மட்டும் எஞ்சியது 1. குறையே இல்லாதது 70. ஒரு காசின் அடிநிலை விலையை அதன் எண்ணால் பெருக்கினால் சந்தை விலை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். விலைகள் சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கை மீறிவிட்டன. எண்கள் மட்டும் நிலைத்தன. இன்று உலகெங்கும் தரச்சான்று நிறுவனங்கள் இவ்வெண்களையே பயன்படுத்துகின்றன. இந்திய வணிகர்கள் பெரும்பாலும் புழங்காதது என்பதற்கு யு.என்.சி. என்றும், அதற்குக் கீழ் எக்ஸ்.எப்., வி.எப்., எப். என்றும் எழுத்துகளால் குறிப்பர்.

கையால் அடிக்கப்பட்ட காசுகளுக்கு இந்த அளவுகோல் முழுமையாகப் பொருந்தாது. புதுச்சேரித் துட்டு எந்திரத்தில் அடித்ததன்று. செப்புத் துண்டை அச்சின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது, துண்டு அச்சைவிடச் சிறியதாக இருந்தால் எழுத்தின் ஒரு பகுதி காசுக்கு வெளியே போய்விடும். அச்சு மையம் விலகியும் விழும். ஆகவே ஒருநாள்கூடப் புழங்காத துட்டிலும் ஊர்ப்பெயர் பாதியே தெரியலாம். நெடுங்காலம் புழங்கித் தேய்ந்த இன்னொன்றில் எல்லா எழுத்துகளும் மங்கலாகவேனும் தெரியலாம். இவ்வகைக் காசுகளைப் பார்ப்போர் தேய்வு, அடிப்பு என்னும் இரண்டையும் தனித்தனியே மதிப்பிடவேண்டும். எழுத்து முழுமையாக விழுந்த துட்டையே சேகரிப்பாளர் முதலில் தேடுவர்.

ஆர்க்காட்டு ரூபாயில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. இங்கும் அச்சு வெள்ளித் துண்டைவிடப் பெரியது. பிறைக்குறி விழவேண்டிய இடம் காசுக்கு வெளியே போயிருந்தாலோ தேய்ந்திருந்தாலோ, அது புதுச்சேரிக் காசு என்று நிறுவுவதே கடினமாகிவிடும். அவ்வாறான நாணயம் வெள்ளியின் விலையை ஒட்டியே விற்கப்படும். அதாவது நிலை குறைந்தால் விலை குறைகிறது என்பதோடு முடிவதில்லை. காசின் பெயரே இல்லாமற் போகிறது.

கடலோரத்தில் கிடைக்கும் செப்புக்காசுகளுக்கு உப்பு பெரும் பகை ஆகும். மணலிலும் ஈரக்காற்றிலும் உள்ள குளோரைடு செம்புடன் சேர்ந்து குப்ரசு குளோரைடாக உள்ளே தங்கிவிடும். பின்னர் ஈரமும் ஆக்சிசனும் பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறி மேலே வரும். இதில் உண்டாகும் அமிலம் மேலும் செம்பை அரிக்கும். இது வெண்கல நோய் எனப்படுகிறது. காசு வெளியே எடுக்கப்பட்டுப் பல மாதங்கள் கழித்தும் இது தொடங்கலாம். விரல் பட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி நோயின் அடையாளம். கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்துள்ள கரும்பச்சை அல்லது பழுப்புப் படலம் களிம்பு ஆகும். பின்னது காசைக் காக்கும் படலமாதலால் அதை நீக்கக்கூடாது. நோயுற்ற காசைப் பிற காசுகளிடமிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் நீரை மாற்றி மாற்றி நெடுநாள் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவர். அதன்பின் நன்கு உலர்த்தி ஈரமற்ற இடத்தில் வைப்பர்.

தமிழர் வீடுகளில் செம்புப் பாத்திரத்தைப் புளியால் துலக்குவதும் வெள்ளியைத் திருநீற்றால் தேய்ப்பதும் வழக்கம். விற்பதற்கு முன் காசையும் அவ்வாறே பளபளப்பாக்கினால் நல்ல விலை வரும் என்று பலர் நினைக்கின்றனர். நடப்பது இதற்கு நேர்மாறானது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துச் செம்பின் மேற்பரப்பையும் தாக்கி, காசை இயல்பற்ற இளஞ்சிவப்பு நிறமாக்கிவிடும். திருநீறு நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். வெள்ளிக்காசின் மேலுள்ள கருமை வெள்ளி சல்ஃபைடு படலமே; சீராகப் படிந்த அக்கருமையைச் சேகரிப்பாளர் விரும்புவர். 200 ஆண்டுகள் தாங்கிய ஒரு காசின் மதிப்பைக் கெடுக்கக் கால்மணி நேரம் போதும். துலக்கப்பட்ட காசைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி இல்லை.

காசுமாலையில் கோக்கத் துளையிடப்பட்டவையும், வளையம் பற்றவைக்கப்பட்டவையும், வளையம் நீக்கித் துளையடைக்கப்பட்டவையும் சேகரிப்புச் சந்தையில் பெரும்பாலும் கீழ்நிலையிலேயே வைக்கப்படுகின்றன. பொற்காசாயின் உலோக விலை எஞ்சும். செப்புக்காசுக்கு அதுவும் இல்லை.

சேதம் எப்போதும் குறை என்று கொள்ளவேண்டியதில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த உரோமப் பொற்காசுப் புதையலில் 501 காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டப்பட்டிருந்தது. காசு மீண்டும் புழக்கத்துக்குப் போகாமலிருக்க இவ்வாறு வெட்டினர் என்பது ஒரு கருத்து. தரவரிசையில் இவ்வெட்டு ஒரு சிதைவு. உரோமப் பொன் தமிழகத்தில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை ஆராய்வோருக்கு அதுவே முதன்மைச் சான்று.

அருமை

அருமையைக் கணக்கிடுவதில் மூன்று எண்கள் குழப்பப்படுகின்றன. அச்சிடப்பட்டவை எத்தனை, எஞ்சியவை எத்தனை, சந்தைக்கு வருபவை எத்தனை என்பனவே அவை. முதல் எண் மட்டும் ஆவணங்களில் கிடைக்கும். விலையை முடிவு செய்வது மற்ற இரண்டும் ஆகும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் அங்கியிலிருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. அச்சிடப்பட்ட சுமார் 94 லட்சம் ரூபாய்களில் வெளியே போனவை சுமார் 7 லட்சம், எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912 முதல் உருவம் திருத்தப்பட்டது. 1939ஆம் ஆண்டிட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் இதைவிட மிக அரிது. 1940 முதல் ரூபாயின் வெள்ளி அளவு ஆயிரத்துக்கு 917 பங்கிலிருந்து 500 பங்காகக் குறைக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டுக் காசுகளில் வெளியே வந்து எஞ்சியவை மிகச் சில. இவற்றின் உலோகமும் அளவும் 1938ஆம் ஆண்டு ரூபாயினுடையவையே; விலை வேறுபாடு முழுவதும் ஓர் இலக்கத்தில் உள்ளது.

மறுபக்கம், முதலாம் இராசராச சோழனின் செப்புக்காசு ஆயிரம் ஆண்டு பழமையானது. ஆயினும் மிகுதியாக அச்சிடப்பட்டு மிகுதியாக எஞ்சியதால், சாதாரண நிலையிலுள்ளதை மாணவர் ஒருவரும் வாங்க முடியும். மதுரை, கரூர் ஆற்றுப்படுகைகளில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளும் அவ்வாறே. இவ்வளவு பழமை என்று கேட்டவுடன் பெருந்தொகையை எதிர்பார்ப்பவர்கள் இங்கே ஏமாற்றமடைவர்.

புதுச்சேரிக் காசுகளில் லில்லித் துட்டு பரவலாகக் கிடைப்பது. நெடுங்காலம் அடிக்கப்பட்டதும், உருக்கினால் பெரிதாக எதுவும் கிடைக்காத உலோகமானதும் அதற்குக் காரணங்கள். குறுகிய காலமே வெளிவந்த சேவல் காசுகள் அதைவிட அரியவை. வெள்ளியும் பொன்னும் வேறு காரணத்தால் அரிதாகின்றன. ரூபாயும் வராகனும் விலையேறிய உலோகம் என்பதால் மீண்டும் மீண்டும் உருக்கப்பட்டன. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரை இடித்தனர். 1778, 1793, 1803 ஆகிய ஆண்டுகளிலும் நகர் கைமாறியது. ஒவ்வோர் இடைவெளியிலும் நாணய அடிப்பு தடைப்பட்டது.

ஷெல்டன் அருமைக்கும் ஓர் அளவுகோல் வகுத்தார். உலகில் 1 முதல் 3 வரை மட்டுமே அறியப்பட்டது எட்டாம் படி. 4 முதல் 12 வரை ஏழாம் படி. 13 முதல் 30 வரை ஆறாம் படி. ஒரு புதையல் கிடைத்தால் படி மாறிவிடும். நேற்று ஏழாம் படியில் இருந்த காசு ஒரு குடம் நிறையக் கிடைத்துவிட்டால் விலை சரியும். எனவே அருமை என்பது காசின் நிலையான பண்பு அன்று; அன்றைய அறிவின் அளவு ஆகும்.

தேடுவோர் இல்லாத அருமைக்கும் விலை இல்லை. மிகச் சிலரே சேகரிக்கும் ஒரு சிற்றரசின் காசு உலகில் பத்தே இருந்தாலும் மலிவாகக் கிடைக்கலாம். சங்ககாலக் காசுகள் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி பெருவழுதி என்ற தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியர் காசைக் கண்டறிந்து வெளியிட்ட பின்பும், அவருடைய சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய ஆங்கில நூல் 1997இல் வந்த பின்பும் அவற்றின் மீது கவனம் திரும்பியது. படிக்கத் தெரிந்தவர் வந்த பிறகே எழுத்துக்கு விலை ஏற்பட்டது எனலாம்.

உலோக விலையும் மறுஅடிப்புகளும்

பிரான்சின் 20 பிராங்கு பொற்காசு 6.45 கிராம் எடையும் ஆயிரத்துக்கு 900 பங்கு தூய்மையும் கொண்டது. அதில் சுமார் 5.8 கிராம் தூய பொன் உள்ளது. சேவல் உருவம் கொண்ட 20 பிராங்கு 1899 முதல் 1914 வரை பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. மேலும் 1907 முதல் 1914 வரையிலான ஆண்டுகளைப் பொறித்தே 1951 முதல் 1960 வரை மீண்டும் அடிக்கப்பட்டது. எனவே இதன் விலை பொன்னின் விலையை ஒட்டியே செல்லும். நிலை சிறிதளவே மாற்றும். 1837ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சேவல் பணமோ சிறிய வெள்ளிக்காசு. அதிலுள்ள வெள்ளியின் விலை அற்பம். அதன் மதிப்பு முழுவதும் நிலையாலும் அருமையாலும் வருவது. இரண்டிலும் சேவல் இருப்பதைக்கொண்டு ஒன்றின் விலையை மற்றதற்குக் கூறுவது தவறு.

பிரித்தானிய இந்திய நாணயங்களிலும் மறுஅடிப்புகள் உண்டு. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பழைய அச்சுகளைக்கொண்டு சேகரிப்பாளர்களுக்காக அடித்த மறுஅடிப்புகள் 1970 வரை வெளிவந்தன. இவை போலிகள் அல்ல. ஆயினும் மூலக்காசின் விலையைப் பெறா.

போலிகள்

புதுச்சேரியிலிருந்து சைகோன் சென்று பணியாற்றித் திரும்பியவர்களின் குடும்பங்கள் பல உள்ளதால், பிரெஞ்சு இந்தோசீனாவின் வெள்ளிப் பியாஸ்தரும் இங்கு அறியப்பட்ட நாணயமே. 1895க்குப் பிந்தைய பியாஸ்தரின் எடை 27 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 900. இதற்குப் போலிகள் மிகுதி. வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. காசை நுண்தராசில் நிறுத்து, பின் மெல்லிய நூலில் கட்டி நீரில் முழுகவிட்டு நிறுத்து, எடைக் குறைவால் முதல் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு இது சுமார் 10.5, 900 தூய்மையுள்ள வெள்ளிக்கு சுமார் 10.3. விடை 8 அல்லது 9 என வந்தால் அது வெள்ளிக்காசு அன்று. காந்தம் ஒட்டினால் நிறுக்கவும் தேவையில்லை. காசின் விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிவதும், பரப்பில் குமிழ்க் குழிகள் காணப்படுவதும் அச்சில் அடிக்காமல் வார்த்தெடுத்ததைக் காட்டும். நிலையையோ அருமையையோ பேசுவதற்கு முன் இச்சோதனைகள் முடிந்திருக்கவேண்டும்.

பொய் விளம்பரங்கள்

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய் காசுகளுக்குப் பல லட்சம் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் இந்தியாவெங்கும் பரவியுள்ளன. 2012ஆம் ஆண்டிட்ட இக்காசுகள் பொதுப் புழக்கத்துக்கு வந்தவை. அருமையும் இல்லை, பழமையும் இல்லை. விற்க முன்வருபவரிடம் பதிவுக்கட்டணம், வரி, தரகு என்று பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுவதே இவ்விளம்பரங்களின் நோக்கம். தன் பெயரைப் பயன்படுத்தி இவ்வாறு கட்டணம் கேட்பதைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. பழைய காசு, நோட்டுகளின் வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அவ்வாறான அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது அறிவித்தது. உண்மையான வணிகர் காசை நேரில் காணாமல் விலை கூறுவது அரிது. விற்பவரிடம் முன்பணம் கேட்பதும் இல்லை.

சட்டம்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, நிலத்தில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். 10 ரூபாய் என்பது இன்று ஒரு செப்புத் துட்டுக்கும் பொருந்தக்கூடிய தொகை. தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். தமக்குரிய பங்கையும் அவர் இழப்பார். முறைப்படி தெரிவித்தவரிடமிருந்து அரசு புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதிலுள்ள பொருளின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து அளிக்கவேண்டும். இங்கு கணக்கிடப்படுவது செம்பின், வெள்ளியின் மதிப்பே அன்றிச் சேகரிப்பாளர் தரும் விலை அன்று. கண்டெடுப்பவர்கள் அரசிடம் செல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருள் ஆகும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே 1836ஆம் ஆண்டுச் சேவல் துட்டு ஒன்றைப் பிரான்சிலுள்ள உறவினருக்கு அஞ்சலில் அனுப்புவதும் குற்றமாகும். பிரான்சில் ஏற்கனவே உள்ள அதே வகைக் காசு அங்கே தடையின்றி விற்கப்படுகிறது. புதுச்சேரிக் காசுகளுக்கு இரு நாடுகளிலும் வெவ்வேறு விலை நிலவுவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்.

புதுச்சேரி அரசு அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களைக் காணலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் உள்ளவற்றில் பல, புதையல் சட்டப்படி கிடைத்த இடத்தின் பெயருடன் வந்து சேர்ந்தவை ஆகும்.